உடற்கூறு என்றால் போஸ்ட்மார்ட்டமா?

அன்புள்ள ஐயா,

என் மகள் அனாட்டமியில் எம்.டி. முடித்து ஒரு மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். வைகாசியில் கல்யாணம். பத்திரிகையில் அவள் பெயருக்குக் கீழே தமிழில்தான் போட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று, 'உடற்கூறு நிபுணர்' என்று எழுதிக் கொடுத்தேன். புரூஃப் பார்த்த சம்பந்தி, "என்னங்க, பொண்ணு போஸ்ட்மார்ட்டம் பண்றவங்களா?" என்று கேட்டுவிட்டார். மகளோ "அப்பா, பேசாம இங்கிலீஷ்லயே போட்டுடுங்க" என்கிறாள். சரியான சொல் எது?

ஒரு வாசகர், அரூர்

அன்புள்ள நண்பருக்கு,

சம்பந்தி மேல் வருத்தப்படாதீர்கள், அவர் தினமும் பேப்பர் படிக்கிறவர், அவ்வளவுதான். தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்தால் மறுநாள் செய்தி 'உடற்கூறாய்வுக்காக தருமபுரி அரசு மருத்துவமனைக்கு அனுப்பி வைக்கப்பட்டது' என்றுதான் முடியும். பிரேதம் என்று எழுதக் கூசினார்களோ என்னவோ, பிரேதப் பரிசோதனைக்கு இந்தச் சொல்லைத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள்.

அது வேறு வேலை. எப்படிச் செத்தார் என்று பார்ப்பது சட்ட மருத்துவம். உங்கள் மகள் சொல்லிக்கொடுப்பது, முதலாண்டுப் பிள்ளைகள் ஃபார்மலின் நெடியில் கண் எரிய நின்று, தானமாக வந்த ஓர் உடலை மாதக்கணக்கில் தசை தசையாக, நரம்பு நரம்பாகப் பிரித்துப் படிக்கிற பாடம். அனாட்டமி என்ற கிரேக்கச் சொல்லுக்கு அறுத்துத் திறப்பது என்று பொருள். தமிழ்ச் சொல்லில் கத்தியே கிடையாது, கூறு மட்டும்தான்.

கூறு என்றதும் எனக்கு எங்கள் ஊர் மாரியம்மன் பண்டிகைதான் ஞாபகம் வரும். கிடா வெட்டி, தேக்கு இலைகளை வரிசையாக விரித்துக் கறியைக் கூறு போடுவார்கள். ஒவ்வொரு கூறிலும் ஒரு துண்டு ஈரல், ஒரு நெஞ்செலும்பு, கொஞ்சம் கொழுப்பு விழுந்தாக வேண்டும், இல்லாவிட்டால் அன்றைக்குச் சண்டை. வெட்டுகிற பெரியவர் எலும்பில் கத்தியை ஓங்கிப் போடவே மாட்டார், மூட்டுப் பார்த்து நுனியை விட்டுத் திருப்புவார், தொடை தானாகக் கழன்று வரும். தலைக்கறிக்குக் கீழ்த்தாடையை இரண்டு கையால் பிடித்து விரித்தால் நடுவில் பிளந்துகொள்ளும். அந்த இடத்தில்தான் பழைய வைத்தியர் கேலன் சறுக்கினார். குரங்கையும் பன்றியையும் அறுத்துப் பார்த்துவிட்டு மனிதத் தாடையும் இரண்டு எலும்பு என்று எழுதிவைத்தார், ஆயிரத்துச் சொச்சம் வருஷம் அதுவே பாடமாக இருந்தது. மனித உடலையே அறுத்துப் பார்த்து, வளர்ந்த ஆளுக்கு அது ஒரே எலும்புதான் என்று 1543இல் வெசாலியஸ் என்ற ஐரோப்பிய மருத்துவர் அச்சில் போட்டார். (டாக்டர் மகளைக் கறி போடுகிறவரோடு சேர்த்துப் பேசியதற்கு மன்னிக்கவும். ஆனால் மூட்டு தெரிந்தவர் மூட்டு தெரிந்தவர்தான்.)

சாவு வாடை இந்தச் சொல்லில் பேப்பர்காரர்கள் வருவதற்கு முன்பே கொஞ்சம் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். பட்டினத்தார் பெயரில் உள்ள உடற்கூற்று வண்ணம் கருவில் தொடங்கிச் சுடுகாட்டில் போய் முடிகிறது. தவிர, கூற்று என்றாலே எமன். அதனால்தான் சிலர் எழுதும் 'உடற்கூற்றியல்' எனக்கு ஒட்டுவதில்லை, கல்யாணப் பத்திரிகைக்கு அறவே ஆகாது. யாழ்ப்பாணத்தில் மருத்துவத்தைத் தமிழிலேயே சொல்லிக்கொடுத்த டாக்டர் கிரீன் காலத்தில் இதற்கு 'அங்காதிபாதம்' என்று பெயர். கேட்க அழகுதான், ஆனால் சம்பந்தி ஏதோ அம்மன் பாட்டு என்று நினைத்துக்கொள்வார்.

படிப்பு உடற்கூறியல், அதில் தேர்ந்தவர் உடற்கூறியலாளர். 'நிபுணர்' வேண்டாம், எலும்பு நிபுணர், தோல் நிபுணர் என்று கேட்டுப் பழகிய ஜனம் அதைப் பார்த்தால் எந்த நோய்க்கு வைத்தியம் என்று கேட்கும். பத்திரிகையில் இப்படிப் போடுங்கள்: 'உதவிப் பேராசிரியர், உடற்கூறியல் துறை'. பேராசிரியர் என்று கண்ணில் பட்ட பிறகு யாரும் பிணவறைக்குப் போக மாட்டார்கள். துறையின் பெயரும் தமிழிலேயே இருக்கும்.

புரூஃபில் 'கூறு' வல்லின றகரத்தில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள். என் தம்பி கல்யாணத்துக்கு அச்சகத்தில் 'பொறியாளர்' 'பொரியாளர்' ஆகிவிட்டது. கடை எந்தத் தெருவில் என்று மண்டபத்திலேயே இரண்டு பேர் கேட்டார்கள்.