காரைக்குடியில் சிறிய வக்கீல் ஆபீஸுக்கு எந்த கிளவுட் (இணையவழிக் கோப்புச் சேமிப்பு) சரிவரும்?

மூன்று வக்கீல், இரண்டு குமாஸ்தா, அலமாரி நிறையப் பாகப்பிரிவினைக் கட்டுகள், கட்சிக்காரர்களில் பாதிப் பேர் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த அளவுக்கு மைக்ரோசாஃப்ட் 365 பிசினஸ் ஸ்டாண்டர்ட் (வேர்டு, மின்னஞ்சல், கோப்புச் சேமிப்பு எல்லாம் சேர்ந்த சந்தா) போதும். கூகுளின் இதே மாதிரிச் சந்தாவான ஒர்க்ஸ்பேஸும் நல்லதுதான். ஆனால் பிராதையும் எதிருரையையும் வேர்டில் அடித்துப் பழகிய ஆபீஸில், அதே கோப்பை கூகுள் டாக்ஸில் திறந்தால் பத்தி எண்ணும் மார்ஜினும் குலைய வாய்ப்புண்டு. வாடகை சர்வர் பக்கம் போகவே வேண்டாம். அதைப் பராமரிக்கத் தனி ஆள் வேண்டும்.

கணக்கு தொடங்கும்போது நாடு இந்தியா என்று கொடுங்கள். பிறகு மாற்ற முடியாது. டொமைன் (ஆபீஸின் இணைய முகவரிப் பெயர்) சீனியர் பெயரில் இருக்கட்டும். வழக்குக் கோப்புகளை யாருடைய ஒன்டிரைவிலும் (ஒருவரின் தனிச் சேமிப்பிடம்) வைக்காமல் ஷேர்பாயின்ட்டில் (ஆபீஸ் முழுவதற்குமான சேமிப்பிடம்) பொதுவாக வையுங்கள். ஒருவர் விலகி அவர் கணக்கை நீக்கினால், அவருடைய ஒன்டிரைவ் வழக்கமான அமைப்பில் 30 நாளில் அழிந்துவிடும். எல்லாக் கணக்குக்கும் இரட்டைச் சரிபார்ப்பு கட்டாயம்.

ஃபோல்டர் பெயரில் சாய்கோடு ஏறாது. அதனால் ஓ.எஸ். (அசல் வழக்கு) 45/2023 என்பதை 2023-ஓஎஸ்-45 என்று எழுதுங்கள். ஆண்டு முன்னால் வந்தால் வரிசையும் தானாக அமையும்.

ஸ்கேன் 300 டிபிஐ. சாதாரணத் தாளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தால் பக்கத்துக்குச் சுமார் 50 கேபி. வண்ணத்தில் அதுவே பத்து மடங்குக்கு மேல் போகும். ஆனாலும் பழைய கிரயப் பத்திரம், மங்கிய கைரேகை, முத்திரை இதையெல்லாம் வண்ணத்தில்தான் எடுக்க வேண்டும். கறுப்பு வெள்ளை அவற்றை விழுங்கிவிடும். ஃபைபர் இணைப்பில் டவுன்லோடு வேகத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள், அப்லோடு எவ்வளவு என்று கேளுங்கள். 20 எம்பிபிஎஸ் அப்லோடில் 100 ஜிபி ஏற 11 மணி நேரத்துக்கு மேல் ஆகும். ராத்திரியில் ஏற்றுங்கள், மோடத்துக்கும் ரவுட்டருக்கும் யுபிஎஸ் வையுங்கள்.

பலரும் கவனிக்காதது எழுத்துரு. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்த வரைவுகளை கிளவுடில் ஏற்றலாம். ஆனால் 'தேவகோட்டை' என்று தேடினால் ஒன்றும் வராது. கணினிக்கு அவை வெறும் ஆங்கில எழுத்துகள். நடப்பு வழக்குகளையாவது யூனிகோடுக்கு (எல்லாக் கணினியும் தமிழாகவே படிக்கும் எழுத்துமுறை) மாற்றுங்கள், புதிதாக அடிப்பது யூனிகோடில் மட்டும். இதைத் தள்ளிப்போட்டால் கிளவுட் இன்னொரு அலமாரிதான்.

மின்னணுச் சான்றுகளைத் தனியாக வையுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் (புதிய சாட்சியச் சட்டம்) 63-ஆம் பிரிவுச் சான்றிதழில் ஹேஷ் மதிப்பு (கோப்பின் கைரேகை போன்ற குறியீடு) கேட்கிறார்கள். வேர்டு, எக்செல் கோப்பை ஷேர்பாயின்ட்டில் போட்டால் அது தன் பங்குக்குச் சில விவரங்களைக் கோப்புக்குள் எழுதிவிடக்கூடும். எழுதினால் ஹேஷ் மாறிவிடும். எனவே கட்சிக்காரர் கொடுத்த மூலக்கோப்புக்கு முதலில் எஸ்எச்ஏ-256 என்ற வகை ஹேஷை எடுத்துக் குறித்துவைத்து (விண்டோஸிலேயே உள்ள certutil என்ற கட்டளை போதும்), ஜிப் செய்து, அதன் பிறகு ஏற்றுங்கள். வாட்ஸ்அப்பில் ஃபோட்டோவாக அனுப்பச் சொல்லாதீர்கள், சுருங்கித்தான் வரும்.

சிங்க் (கணினியில் மாறுவது கிளவுடிலும் உடனே மாறுவது) வேறு, பேக்கப் (தனியாக எடுத்துவைக்கும் நகல்) வேறு. ஆபீஸ் கணினியில் ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்) புகுந்தால், பூட்டப்பட்ட கோப்பே கிளவுடுக்கும் போய்ச் சேரும். பழைய பதிப்பை மீட்க வழியுண்டு, ஆனால் அதை மட்டும் நம்ப முடியாது. அழித்த கோப்பு ஷேர்பாயின்ட் குப்பைத்தொட்டியில் 93 நாள் கிடக்கும், அதற்குமேல் இல்லை. சிவில் வழக்கு 93 நாளில் முடிகிற ஊரா நம்முடையது? இரண்டு வெளி ஹார்டு டிஸ்க் வாங்கி வாரம் ஒன்றாக மாற்றி மாற்றி நகல் எடுங்கள். எடுத்ததும் கழற்றி, ஒன்றை வீட்டில் வையுங்கள். செருகியபடியே இருக்கும் டிஸ்க்கும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும்.

வெளிநாட்டுப் பங்காளிகளுக்கு 'லிங்க் உள்ள யாரும் பார்க்கலாம்' என்ற வகையில் அனுப்பாதீர்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குப் போனால், அங்கே எதிர்க்கட்சிப் பங்காளியும் இருப்பார். குறிப்பிட்ட மின்னஞ்சலுக்கு மட்டும் அனுப்புங்கள்.

வாய்தா டைரிக்கென்று தனி மென்பொருள் இப்போதைக்கு வேண்டாம். நீதிமன்றங்களின் இ-கோர்ட்ஸ் செயலியில், எழுத்தும் எண்ணுமாக 16 இடம் கொண்ட சிஎன்ஆர் எண்ணைச் (ஒவ்வொரு வழக்குக்கும் உள்ள தனி எண்) சேர்த்துவிட்டால் அடுத்த தேதி இலவசமாகவே தெரியும். அதே எண்ணை ஃபோல்டர் பெயரின் கடைசியிலும் எழுதிவையுங்கள்.