மொட்டை மரமெல்லாம் பட்ட மரமா?

காட்பாடியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "வாசலில் நிற்கும் புங்கமரம் மாசிக் கடைசியில் ஒரே வாரத்தில் இலை முழுவதையும் கொட்டிவிட்டது. 'பட்டுப்போய்விட்டது, வெட்டிவிடுங்கள்' என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். பூந்தொட்டியை நகர்த்தினால் அடியில் ஒரு தேரை அசையாமல் கிடக்கிறது. மாடிக் கற்றாழையோ தினமும் தண்ணீர் ஊற்றியும் அழுகுகிறது. எங்கள் மண்ணில் ஏதாவது கோளாறா?"

முதலில் அரிவாளை உள்ளே வையுங்கள். மரம் செத்திருந்தால் இப்படி இலை கொட்டியிருக்காது.

இலை தானாக விழுவதில்லை. மரம்தான் அதை விலக்குகிறது. இலையில் இருக்கும் தழைச்சத்திலும் மணிச்சத்திலும் கணிசமான பங்கை முதலில் கிளைக்குள் இழுத்துக்கொள்கிறது. பிறகு காம்பின் அடியில் ஒரு மெல்லிய அடுக்கைத் தளர்த்தி, இலையை விழவிட்டு, அந்த இடத்தைத் தழும்பாக மூடிவிடுகிறது. இத்தனைக்கும் உயிருள்ள திசு வேண்டும். விசேஷத்துக்கு வாசலில் கட்டிய மாங்கொத்தைப் பாருங்கள்: இலை சருகாகியும் காம்பை விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். உங்கள் மரத்தில் ஏதாவது கிளையில் பழுத்த சருகுகள் அப்படித் தொங்கினால்தான் கவலைப்பட வேண்டும்.

ஏன் இந்த வேலை? வேர் உறிஞ்சும் நீரில் 90 சதவீதத்துக்கு மேல் இலை வழியாக ஆவியாகிவிடுகிறது. தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை என்று வேலூரைக் கேலி செய்வார்கள். இங்கே வெயில் 40 டிகிரியைத் தாண்டுவதும் புதிதல்ல. கிழட்டு இலைகளை வைத்துக்கொண்டு நீரை இழப்பதைவிட உதிர்த்துவிடுவது மரத்துக்கு லாபம். சில வாரங்களில் செம்பு நிறத் தளிர் வரும். அந்தச் சிவப்பு நிறமி இளந்தளிருக்கு வெயிலில் குடை மாதிரி. பின்னாலேயே தரையில் பொரி இறைத்தாற்போல் பூவும் கொட்டும். வேம்பும் இதையே செய்கிறது. ஆனால் வேம்பை யாரும் சந்தேகப்படுவதில்லை, சித்திரைப் பச்சடிக்குப் பூ வேண்டுமே!

உறுதி செய்துகொள்ள ஆசைப்பட்டால் விரல் பருமன் கிளையை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. நாலைந்து கிளைகளில் பார்த்தும் பழுப்பாகவே இருந்து, குச்சி சடக்கென ஒடிந்து, சித்திரை முடிந்தும் துளிர் இல்லை என்றால், அப்போது வெட்டுவதைப் பற்றிப் பேசலாம். அதுவரை வாரம் ஒருமுறை தண்ணீர் போதும். அடிமரத்தில் ஊற்றாமல், கிளைகள் விரிந்திருக்கும் விளிம்புக்கு நேர்கீழே ஊற்றுங்கள். உதிர்ந்த சருகைக் கொளுத்தாதீர்கள். அங்கேயே பரப்பிவிட்டால் மண் ஈரம் நிற்கும்.

கற்றாழை விஷயத்தில் குற்றவாளி நீங்கள்தான், மன்னிக்கவும். பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளையைத் திறக்கும். கற்றாழை பகலில் மூடிக்கொண்டு, இரவின் குளிர்ச்சியில் திறந்து கரியமில வாயுவை அமிலமாகச் சேமித்து வைத்து மறுநாள் செலவழிக்கிறது. இப்படிச் சிக்கனமாக வாழும் செடிக்குத் தினமும் தண்ணீர் ஊற்றினால் வேர் மூச்சு முட்டி அழுகும். அழுகிய வேரை வெட்டி, இரண்டு மூன்று நாள் நிழலில் உலரவைத்து, அடியில் ஓட்டை உள்ள மண்தொட்டியில் நடுங்கள். மண் நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்த தண்ணீர். வடிகாலுக்கு மணல் வேண்டும் என்று பாலாற்றுக்குச் சாக்கோடு கிளம்ப வேண்டாம். உடைத்த ஓட்டுச் சில்லும் செங்கல் துண்டும் போதும்.

தேரையும் பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கும். கல்லுக்குள் தேரை என்று சும்மா சொல்லவில்லை. வறட்சியில் அது ஈரமான பொந்திலோ தொட்டிக்கு அடியிலோ ஒடுங்கி, மூச்சையும் அசைவையும் குறைத்துக்கொள்ளும். வாயால் தண்ணீர் குடிக்காது. வயிற்றுத் தோலை ஈர மண்ணில் பதித்து உறிஞ்சிக்கொள்ளும். அதனால் கூரையை எடுத்ததுபோல் தொட்டியை எடுத்துவிடாமல் பழைய இடத்திலேயே வையுங்கள். ஓரத்தில் ஒரு குவளை நீர் தெளியுங்கள். கையால் தொட்டிருந்தால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், கண்ணுக்குப் பின்னாலுள்ள மேடுகளில் பால்போல நஞ்சு சுரக்கும். வீட்டு நாய் அதைக் கவ்வாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.