"எல்லோரும் போடுகிறார்கள் அக்கா!"

கேள்வி: நாங்கள் மல்லாவியில் இருக்கிறோம். 19 வயதுத் தம்பி ஊர்க் கழகத்தில் கரப்பந்தாட்டம் ஆடுகிறான். ஆறு மாதமாக ஜிம்முக்கும் போகிறான். உடம்பு திடீரென்று பருத்துவிட்டது, முதுகெல்லாம் பரு. அவனது பையில் பெயர் ஒட்டாத மருந்துக் குப்பியும் ஊசியும் கண்டேன். கேட்டால், "சத்து ஊசி, எல்லோரும் போடுகிறார்கள் அக்கா" என்கிறான். ஊர் ஆட்டத்துக்கு இது எதற்கு? அவனிடம் எப்படிப் பேசுவது?

பதில்: சகோதரி, நீங்கள் சொல்லும் அறிகுறிகள் அனபோலிக் ஸ்டீரொய்ட் (தசையைப் பருக்கவைக்கும் ஹோர்மோன் மருந்து) பாவனையோடு பொருந்துகின்றன. ஊசியை யாருடனாவது பகிர்ந்தானா என்று இன்றே கேளுங்கள். பகிர்ந்திருந்தால் ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. பரிசோதனைகளைத் தள்ளிப்போடக் கூடாது.

ஊக்கமருந்து என்றால் 1988இல் சியோல் ஒலிம்பிக்கில் பதக்கத்தை இழந்த ஓட்டவீரர் பென் ஜோன்சன்தான் பலருக்கு நினைவு வருகிறார். ஊர்க் கழகத்துப் பையன் பதக்கத்துக்காக ஊசி போடுவது குறைவு. அணியின் ஆறு பேரில் தன் இடம் போய்விடுமோ, விளையாட்டுச் சான்றிதழை நம்பியிருக்கும் வேலை கைநழுவுமோ என்ற பயம் அவனுக்குள் இருக்கும். சிலருக்குக் கண்ணாடிதான் பகை. எவ்வளவு பருத்தாலும் மெலிந்தவனாகவே தன்னைக் காண்பார்கள். தம்பி வன்னி வெயிலிலும் நீளக்கைச் சட்டை போடுகிறானா? கலியாண வீட்டில் சாப்பிடாமல் வந்து அவித்த முட்டையின் வெள்ளைக்கருவை எண்ணி எண்ணித் தின்கிறானா? கவனியுங்கள்.

"எல்லோரும்" என்ற சொல்லை அவன் உண்மையாகவே நம்புகிறான். ஊக்கமருந்து எடுப்பவர்கள் மற்றவர்களும் எடுப்பதாக மிகைப்படுத்தி எண்ணுவதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. "யார் யார், எண்ணிச் சொல்லு" என்று மெதுவாகக் கேளுங்கள். "சத்து ஊசி" என்ற பெயரும் அப்படித்தான். தவறுக்கு நல்ல பெயர் சூட்டி மனச்சாட்சியை அமர்த்துவதைப் பற்றி உளவியலாளர் அல்பர்ட் பண்டுரா விரிவாக எழுதியிருக்கிறார்.

ஈரல் கெடும், இதயம் கெடும் என்பது உண்மை. ஆனால் அதில் பேச்சைத் தொடங்காதீர்கள். வாழ்நாளிலேயே இப்போதுதான் அவன் தன்னைப் பலசாலியாக உணர்கிறான், நம்பமாட்டான். "இதை நிறுத்தினால் எது போய்விடும் என்று பயப்படுகிறாய்?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். பதில் வர இரண்டு நாளும் ஆகலாம்.

குப்பியைப் பறித்து எறியவும் வேண்டாம். வெளியிலிருந்து ஹோர்மோன் வந்துகொண்டிருக்கும்போது உடல் தன் சுரப்பைக் குறைத்துவிடும். நிறுத்தியபின் அது மீள வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும். அந்த நாட்களில் சோர்வும் கடும் மனச்சோர்வும் வரும். சிலருக்குத் தற்கொலை எண்ணமும் வரலாம். பலர் மீண்டும் ஊசிக்குத் திரும்புவது இந்தக் கட்டத்தில்தான். ஆகவே மாவட்ட வைத்தியசாலை வைத்தியரின் கண்காணிப்பில் நிறுத்தட்டும். தேசிய உளநல உதவித் தொலைபேசி 1926.

வேலைக் கனவு இருப்பதால் இதையும் சொல்லுங்கள்: இலங்கையில் 2013ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் ஊக்கமருந்தைத் தடைசெய்கிறது. உடலில் ஸ்டீரொய்ட் கண்டறியப்பட்டால் "தெரியாமல் போட்டேன்" என்று சொல்லித் தப்புவது கடினம். தடை 4 ஆண்டுகள் வரை போகலாம்.

பயிற்றுவிப்பாளரிடம் முறையிடுவதற்கு முன், குப்பியைக் கொடுத்தது யார் என்று தம்பியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சில இடங்களில் கொடுத்தவரே அவராக இருப்பதுண்டு.