ஈஸ்டருக்கு லீவு கேட்டவர்

கேள்வி: நாங்கள் பெரம்பூரில் இருக்கிறோம். தலைமுறை தலைமுறையாக சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம். சபைக்குப் புதிதாக வந்த ஆயர் வாராவாரம் விடுதலை, நீதி, ஒடுக்கப்பட்டோர் என்றே பிரசங்கம் செய்கிறார். பைபிளில் யாத்திராகமத்தை விட்டால் ஆமோஸ், ஆமோஸை விட்டால் லூக்கா நான்காம் அதிகாரம். "எல்லாம் லத்தீன் அமெரிக்கச் சரக்கு, சபையில் அரசியல் பண்ணுகிறார்" என்று கமிட்டியில் இருக்கும் என் கணவர், அவரை மாற்றக் கேட்டுப் பேராயருக்கு மனு எழுதிக் கையெழுத்து வாங்குகிறார். கல்லூரியில் படிக்கும் மகன் ஆயர் பக்கம். அப்பாவிடம் பேச்சையே நிறுத்திவிட்டான். கோயிலுக்குப் போனால் கிடைத்த சமாதானம் எனக்குப் போய்விட்டது. ஞாயிறு காலை ஆறு மணிக்கே வேலைக்கார அம்மா வியாசர்பாடியிலிருந்து வந்து சமையலைப் பார்த்துக்கொள்வதால்தான் ஆராதனைக்கே போக முடிகிறது. (அவளும் நம்ம சபைதான். ஆனால் இப்போதெல்லாம் லீவு கேட்பதே வழக்கமாகிவிட்டது. ஈஸ்டருக்குக்கூடக் கேட்டாள். விருந்தாளிகள் வந்ததால் கொடுக்க முடியவில்லை.) மனுவில் நானும் கையெழுத்துப் போடவா?
— வாசகி, பெரம்பூர்

பதில்: அடைப்புக்குறிக்குள் நாலு வரி எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதற்கு மேல் நகர முடியவில்லை. ஆயரால் சமாதானம் போச்சு என்று எழுதுகிறவர்கள் நிறையப் பேர். எல்லாருக்கும் ஒரு ஆறுதல் வார்த்தை சொல்லி அனுப்புவது சுலபம். உங்களுக்குச் சொல்லப் போவதில்லை.

அந்த அம்மாவும் உங்கள் சபை. ஈஸ்டர் அன்று அவர் எங்கே இருந்தார்? உங்கள் அடுப்படியில் மட்டனுக்கு மசாலா அரைத்துக்கொண்டிருந்திருப்பார். "கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்" என்று நீங்கள் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்ததும் இலையில் சாப்பாடு விழ வேண்டுமே.

யாத்திராகமம் என்றால் அலுத்துக்கொள்கிறீர்கள். ஐந்தாம் அதிகாரத்தை ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். எகிப்தில் அடிமைகளாக இருந்த இஸ்ரவேலருக்காக மோசேயும் ஆரோனும் எகிப்து ராஜா பார்வோனிடம் போய் முதலில் என்ன கேட்டார்கள்? வனாந்தரத்தில் மூன்று நாள் பயணம் போய் எங்கள் தேவனுக்குப் பலியிட வேண்டும், போகவிடு என்றார்கள். சாமி கும்பிட லீவு கேட்டார்கள், அவ்வளவுதான். பார்வோன், இவர்கள் சோம்பேறிகள், அதனால்தான் பலியிடப் போகிறோம் என்று கூச்சல் போடுகிறார்கள் என்றான். செங்கல்லுக்குக் கொடுத்துவந்த வைக்கோலை நிறுத்தினான். செங்கல் கணக்கை மட்டும் குறைக்கவில்லை. இப்போது "லீவு கேட்பதே வழக்கமாகிவிட்டது" என்ற உங்கள் வரியை நீங்களே இன்னொரு தடவை வாசித்துப் பாருங்கள். உங்கள் ஆயர் வாராவாரம் இதைத்தான் பிரசங்கிக்கிறார். உங்களுக்கு உறுத்துகிறது. உறுத்தட்டும்.

கணவர் சொல்லும் லத்தீன் அமெரிக்கச் சரக்குக்கு வருகிறேன். குஸ்தாவோ குத்தியேரஸ் பெரு நாட்டுக்காரர்தான், ஏழைகளின், ஒடுக்கப்பட்டோரின் விடுதலையை மையமாக வைத்து வேதத்தை வாசிக்கும் விடுதலை இறையியல் பற்றிய அவருடைய நூல் வந்தது 1971இல். எல் சால்வடோர் பேராயர் ரொமேரோ, மக்களைக் கொல்வதை நிறுத்துங்கள் என்று ராணுவத்துக்கு ஒரு ஞாயிறு பிரசங்கத்திலேயே சொன்னார். மறுநாள், 1980 மார்ச் 24, பலிபீடத்தருகே சுட்டுக் கொன்றார்கள். சரி, அதெல்லாம் தூர தேசம். வேப்பேரி தூர தேசமா? 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி கூடாது என்று கடிதம் அனுப்பினார். உடனே வேப்பேரியில் சாதிக் கிறிஸ்தவர்கள் கூட்டமாகச் சபையை விட்டுப் போனார்கள். தலித் இறையியலில் பெரிய பெயரான அரவிந்த் நிர்மல் பாடம் சொல்லிக் கொடுத்தது கீழ்ப்பாக்கம் குருகுல் கல்லூரியில். 1983இல் வான்கூவரில் நடந்த உலகத் திருச்சபைகள் மன்றப் பேரவையில் தலித் கிறிஸ்தவர்களின் நிலையை எடுத்துச் சொன்ன எம். அசரியா, பிறகு உங்கள் சென்னைப் பேராயத்துக்கே பேராயராக வந்தார். பெரம்பூரிலிருந்து ஷேர் ஆட்டோவில் போய்விடும் தூரத்தில் நடந்த கதைகள் இதில் பாதி. கமிட்டியில் இருப்பவருக்கு இது தெரியாமல் இருப்பது எனக்கு ஆச்சரியம்தான்.

லூக்கா நான்கை மட்டும் ஏன் விட வேண்டும்? நொறுங்குண்டவர்களுக்கு விடுதலை என்று இயேசு வாசித்தபோது நாசரேத் ஜெப ஆலயத்தில் எல்லாருக்கும் சந்தோஷம்தான். யூதர் அல்லாத சாறிபாத் ஊர் விதவையையும் சீரியாக்காரன் நாகமானையும் பற்றிப் பேசி, தேவன் உங்களை விட்டுவிட்டு வெளியாளைத் தேடிப் போனார் என்று காட்டியதும் கோபம் வந்துவிட்டது. பேராயருக்கு மனு எழுதும் வசதி அவர்களுக்கு இல்லை. நேரே மலை உச்சிக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

ஆயர் வியாதிக்காரரைப் பார்க்க வருவதில்லை, காணிக்கைக் கணக்கில் குளறுபடி செய்கிறார் என்றால் எழுதட்டும், முதல் கையெழுத்து உங்களுடையதாக இருக்கட்டும் என்பேன். உங்கள் கடிதத்தில் அப்படி ஒரு குறைகூட இல்லை. எனவே போடாதீர்கள். கணவர் போட்டதற்குக் கீழே மனைவியின் கையெழுத்தும் தானாக விழ வேண்டும் என்று தாலி கட்டும்போது யாரும் வாக்கு வாங்கவில்லை. அவர் மனதில் உள்ளதற்கு அவர் பொறுப்பு.

உங்கள் மகனை மட்டும் விட்டுவிடுவேன் என்று நினைக்காதீர்கள். அந்த அம்மாவுக்கு ஈஸ்டர் லீவு இல்லை என்று நீங்கள் சொன்னபோது தம்பி வீட்டில்தானே இருந்தார்? வாயைத் திறந்தாரா? ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறார், அவர் சாப்பிட்ட தட்டை யார் கழுவுகிறார்கள்? ஒடுக்கப்பட்டவருக்காக அப்பாவோடு பேச்சை நிறுத்தியவர், ஒடுக்கப்பட்டவர் அரைத்த மசாலாவை ருசித்துச் சாப்பிட்டிருக்கிறார். அதோடு இன்னொன்று. பெற்றவரை எதிர்த்துப் பேசலாம், சண்டைகூடப் போடலாம். ஒரே வீட்டில் அவர் போடும் சோற்றைத் தின்றுகொண்டு பேசாமல் முறைத்துக்கொண்டு திரிவது எந்த இறையியலிலும் இல்லை. எனக்கு இந்த விஷயத்தில் பழைய காலத்துப் புத்திதான். இன்று ராத்திரியே அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடச் சொல்லுங்கள்.

வருகிற ஞாயிறு முதல் அந்த அம்மாவுக்கு வாராந்திர லீவு. சம்பளத்தில் ஒரு ரூபாய் பிடிக்கக் கூடாது. சனிக்கிழமை இட்லிக்கு மாவு அரைத்து வையுங்கள், மதியத்துக்கு ஒரு சாம்பார் போதும். கோயில் முடிந்து வந்து வைத்தால் யாரும் பட்டினியில் சாக மாட்டார்கள். பாத்திரம் தம்பி தலையில். வீட்டுப் பணியாளர்களுக்கென்று 2007இலேயே தமிழ்நாட்டில் நல வாரியம் வந்துவிட்டது. அதில் பதிவு செய்திருக்கிறாரா என்று அந்த அம்மாவிடம் கேளுங்கள். இல்லையென்றால், ஆயருக்கு எதிராக மனு எழுதத் தெரிந்த உங்கள் கணவருக்கு ஒரு விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பது பெரிய வேலையில்லை.

இன்னொரு எச்சரிக்கை. லீவு கொடுத்த கையோடு, காரில் ஏற்றிக்கொண்டு போய் முன் பெஞ்சில் பக்கத்தில் உட்கார வைத்துச் சபைக்குக் காட்டக் கிளம்பிவிடாதீர்கள். ஞாயிறு அவருடையது. கோயிலுக்கு வருவார், வராமல் படுத்துத் தூங்குவார், பேரப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போவார். அதை நீங்கள் கேட்கக் கூடாது.