வாகனம்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: 2012-ல் வாங்கிய கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) உள்ள பைக். சென்னையில் புகைப் பரிசோதனைக்குப் போனால் கார்பன் மோனாக்சைடு 4.4 சதவீதம் என்று காட்டி, சான்றிதழ் தர மறுத்துவிட்டார்கள். என்ன செய்யலாம்?
– வாசகர், பெரம்பூர்

பதில்: உங்கள் வண்டிக்கு உச்சவரம்பு 3.5 சதவீதம். அதைத் தாண்டினால் பெட்ரோல் அதிகமாகவோ காற்று குறைவாகவோ போகிறது என்று பொருள். முதலில் ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். தூசி அடைத்திருந்தால் மாற்றுங்கள். பல வண்டிகளுக்கு அதுவே போதும். அடுத்து சோக் (குளிரில் ஸ்டார்ட் செய்யக் கூடுதல் பெட்ரோல் விடும் அமைப்பு) முழுதாகப் பழைய நிலைக்குத் திரும்புகிறதா, கார்புரேட்டரில் பெட்ரோல் வழிகிறதா என்று பாருங்கள். கடைசியில்தான் மிக்ஸர் ஸ்க்ரூ, அதாவது பெட்ரோல்-காற்று விகிதத்தை மாற்றும் திருகு. அதைக் கண்ணை மூடிக்கொண்டு திருப்ப வேண்டாம்: சில கார்புரேட்டர்களில் உள்ளே முறுக்கினால் பெட்ரோல் குறையும், சிலவற்றில் கூடும். சோதனைக்காக மட்டும் பெட்ரோலை ஒரேயடியாகக் குறைத்துத் தரும் மெக்கானிக்குகள் உண்டு. பிக்கப் போய்விடும், இன்ஜின் சூடேறும்.

ஹைட்ரோகார்பன் (எரியாமல் வெளியேறும் எரிபொருள்) அளவு 4500 பிபிஎம்மைத் (பத்து லட்சத்தில் 4500 பங்கு) தாண்டியிருந்தால் கதை வேறு. பிளக் சரியாகப் பொறி விடவில்லை, அல்லது ஆயில் எரிகிறது.

மறு சோதனைக்குப் பத்து நிமிடமாவது ஓட்டி, இன்ஜின் சூடான பிறகே போங்கள். உங்களுடையது பிஎஸ்-4 (பாரத் ஸ்டேஜ்-4 என்ற புகை விதிமுறை) வருவதற்கு முந்தையது என்பதால் சான்றிதழ் ஆறு மாதத்துக்குத்தான் செல்லும்.

கேள்வி: புதுக் காருக்கும் இந்தப் புகைச் சான்றிதழ் வேண்டுமா?
– வாசகி, தாம்பரம்

பதில்: பதிவு செய்து ஓராண்டு வரை வேண்டாம். பிறகு ஆண்டுக்கொருமுறை. இல்லாமல் பிடிபட்டால் அபராதம் 10,000 ரூபாய் வரை போகலாம்.