இனிஷியல் விரிந்தால் வேலை போய்விடுமா?

ஆஃபர் லெட்டர் வந்த மறுநாளே பேக்ரவுண்ட் செக் (நம் விவரங்களைச் சரிபார்க்கும்) படிவமும் வந்துவிடுகிறது. அதை நிரப்ப உட்காரும்போதுதான் நம் ஆவணங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாத விஷயம் தெரியவருகிறது. இந்த முறை வந்த கேள்விகளில் சில.

பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் 'கே. முருகன்', ஆதாரில் 'முருகன் கே', பான் கார்டில் 'முருகன் கந்தசாமி'. மூன்றும் வேறு வேறு ஆள் என்று சொல்லிவிடுவார்களா சார்?

சொல்ல மாட்டார்கள். தமிழ்நாட்டு விண்ணப்பங்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது அன்றாடக் காட்சி. நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரின் முதலெழுத்துதான். பான் விண்ணப்பத்தில் 'கடைசிப் பெயர்' கட்டம் இனிஷியலை ஏற்காது, விரித்து எழுதியாக வேண்டும். அப்படித்தான் கந்தசாமி அங்கே போய் உட்கார்ந்தார். உங்கள் பான் எண்ணின் 5-வது எழுத்தைப் பாருங்கள், அவருடைய 'கே' இருக்கும்.

படிவத்தில் பான் கார்டில் உள்ளபடியே பெயரை எழுதுங்கள். சம்பளமும் வரிப் பிடித்தமும் அதை வைத்துத்தான் ஓடப்போகின்றன. 'வேறு பெயர்கள்' என்று ஒரு கட்டம் இருந்தால் மற்ற இரண்டையும் அதில் எழுதுங்கள். பலர் அதைக் காலியாக விட்டுவிட்டு, பிறகு எச்ஆரின் மின்னஞ்சலுக்குப் பயந்துகொண்டிருப்பார்கள். அப்பா பெயர் உள்ள மாற்றுச் சான்றிதழின் நகலையும் சேர்த்து அனுப்புங்கள், 'கே' யார் என்ற கேள்வி அங்கேயே முடிந்துவிடும். அப்படியும் கேட்டால், எல்லாப் பெயரும் ஒருவருடையதே என்று நோட்டரி முன் ஓர் உறுதிமொழிப் பத்திரம் போதும். இதற்காக அரசிதழ் வரை ஓட வேண்டாம். அது பெயரையே மாற்றிக்கொண்டவர்களுக்கு.

'முருகன்' ஓரிடத்தில் 'முருகேசன்' ஆகியிருந்தால் அது வேறு விஷயம், உடனே திருத்துங்கள். ஆனால் இனிஷியல் முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்பதற்காக ஆதாரைத் தொடாதீர்கள். வாழ்நாளில் 2 முறைதான் அதில் பெயர் திருத்த முடியும்.

ஆதாரில் பிறந்த தேதி ஒன்று, பள்ளிச் சான்றிதழில் இன்னொன்று. எதைக் கொடுப்பது?

சரியான தேதியைக் கொடுங்கள். பள்ளியில் சேர்க்கும்போது வயதைக் கூட்டிக் குறைத்த கதை எத்தனையோ வீடுகளில் உண்டு, அதனால் முதலில் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். அதுவும் பள்ளிச் சான்றிதழும் ஒத்துப்போனால் தவறு ஆதாரில்தான். ஆதார் பிறந்த தேதிக்குச் சான்று ஆகாது. வருங்கால வைப்பு நிதி நிறுவனமும் 2024 ஜனவரியில் அதைப் பிறந்த தேதிச் சான்றுகளின் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. ஆதாரில் தேதியைத் திருத்த ஒரே ஒரு வாய்ப்புதான், எனவே கையில் சான்றிதழோடு போங்கள். ஆதாரை முடித்துவிட்டு, பான், பிஎஃப் கணக்கு இரண்டிலும் தேதி எப்படி இருக்கிறது என்று பாருங்கள்.

ஆதார் நகலை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்கிறார்கள். அனுப்பலாமா?

முழு எண் தெரியும்படி அனுப்பாதீர்கள். ஆதார் இணையதளத்திலேயே முதல் 8 இலக்கங்கள் மறைந்து கடைசி 4 மட்டும் தெரிகிற நகலைத் தரவிறக்கலாம். வாட்ஸ்அப்பை விட நிறுவனத்தின் மின்னஞ்சலோ அவர்களுடைய தளமோ நல்லது. அப்புறம், அந்தக் கோப்புக்குக் கடவுச்சொல் உண்டு: பெயரின் முதல் 4 எழுத்து ஆங்கிலப் பெரிய எழுத்தில், அதோடு பிறந்த ஆண்டு. இதைச் சொல்லாமல் அனுப்பினால் 'திறக்கவில்லை' என்று பதில் வரும்.

டிஜிலாக்கரில் இருப்பதைக் காட்டினால் போதுமா?

டிஜிலாக்கர் அரசின் இணைய ஆவணப் பெட்டகம். துறையே வழங்கியதாக அங்கே வரும் ஆவணம் என்றால் அசலுக்குச் சமம். 2016-ல் வந்த விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. நீங்களே ஸ்கேன் செய்து ஏற்றியதற்கு அந்த மதிப்பு கிடையாது.

ஒரு நிறுவனத்தில் 4 மாதம் மட்டும் வேலை பார்த்தேன். ரெஸ்யூமில் போடவில்லை. தெரிந்துவிடுமா?

பிஎஃப் பிடித்திருந்தால் தெரிந்துவிடும். யுஏஎன் என்பது பிஎஃப்புக்காக உங்களுக்குத் தரப்படும் 12 இலக்க எண், எத்தனை நிறுவனம் மாறினாலும் அதேதான். அதன் பணி வரலாற்றில் சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் வரிசையாக இருக்கும். பிஎஃப் இல்லாவிட்டாலும், வரி பிடித்திருந்தால், அந்தப் பிடித்தத்தைக் காட்டும் வருமான வரித் துறையின் 26ஏஎஸ் படிவத்தில் அந்த நிறுவனத்தின் பெயர் நிற்கும்.

4 மாதத்தில் விலகியதற்காக வேலை போவதைவிட, அதை மறைத்ததற்காகப் போனதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். படிவத்தில் எழுதிவிடுங்கள், காரணம் ஒரு வரி போதும்.

இன்றே யுஏஎன் தளத்தில் நுழைந்து அந்த நிறுவனம் நீங்கள் விலகிய தேதியைப் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். பதியாமல் விட்டிருந்தால் நீங்கள் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் வேலை பார்த்ததாகத் தோன்றும். பழைய எச்ஆரைத் துரத்த வேண்டியதில்லை. அவர்கள் கடைசியாகப் பணம் கட்டி 2 மாதம் ஆகியிருந்தால் நீங்களே அந்தத் தேதியைப் போட்டுக்கொள்ளலாம்.