வாசகர் கேள்வி – பதில்: பரோசா திராட்சைத் தோட்டத்தில் ஒரு பகல்

கே: மகள் அடிலெய்டில் இருக்கிறாள். மார்ச் மாதம் நானும் கணவரும் போகிறோம். பரோசா பள்ளத்தாக்கில் ஒரே நாளில் ஐந்தாறு இடங்களில் ஒயின் சுவைத்துவிடலாம் என்கிறார் மாப்பிள்ளை. அவரே காரும் ஓட்டுவாராம். சரிப்படுமா?
– வாசகி, கோயம்புத்தூர்

ப: மூன்று இடங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பரோசா, அடிலெய்டுக்கு வடகிழக்கே ஒரு மணி நேரப் பயணம். அங்கே ஒவ்வொரு தோட்டத்திலும் 'செல்லார் டோர்' என்று ஒரு கூடம் இருக்கும். அந்தத் தோட்டத்து ஒயினை வரிசையாக ஊற்றிக் கொடுத்து விளக்கம் சொல்வார்கள். ஒரு சுற்றுக்கு முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். பெரும்பாலான இடங்கள் காலை பத்து, பதினொன்றுக்குத் திறந்து மாலை நான்கு, ஐந்துக்கு மூடிவிடும். சாப்பாட்டு நேரத்தையும் கழித்தால் மூன்றுக்குத்தான் பகல் போதும். நாலாவது இடத்தில் நாக்கும் மரத்துப்போயிருக்கும், எதைக் கொடுத்தாலும் ஒன்றுபோலவே தெரியும்.

மார்ச் அங்கே அறுவடைக் காலம். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை பழம் பறிப்பார்கள். நொதிக்கும் தொட்டிகளையும் பழம் ஏற்றிவரும் வண்டிகளையும் பார்க்கலாம். ஆனால் ஒயின் செய்பவர் உங்களோடு நின்று பேச நேரம் இருக்காது. முன்பதிவு செய்துவிட்டே போங்கள். புனித வெள்ளியன்று பல இடங்கள் மூடியிருக்கும், தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். சுவைக்கக் கட்டணம் உண்டு. பாட்டில் வாங்கினால் அதைக் கழித்துவிடும் இடங்கள் நிறைய.

இனி கார் விஷயம். ஒரு கிளாஸில் 30 மில்லி ஊற்றுவதாக வைத்துக்கொண்டால் ஆறு வகைக்கு 180 மில்லி. பரோசா சிவப்பு ஒயினில் ஆல்கஹால் 14.5 சதவீதம் சாதாரணம். கணக்குப் போட்டால் ஏறத்தாழ 20 கிராம் ஆல்கஹால் வருகிறது. 10 கிராமை ஆஸ்திரேலியாவில் ஒரு 'ஸ்டாண்டர்ட் டிரிங்க்' என்பார்கள். அப்படியானால் ஒரு இடத்துக்கு இரண்டு, மூன்று இடத்துக்கு ஆறு. 100 மில்லி ரத்தத்தில் 0.05 கிராம் வந்துவிட்டால் அங்கே குற்றம். பழகுநருக்கான எல் பலகையோ, புதிதாக உரிமம் பெற்றவருக்கான பி பலகையோ மாட்டி ஓட்டுபவர்களுக்கு அளவு பூஜ்யம். போலீஸ் எந்தச் சாலையிலும் நிறுத்தி ஊதச் சொல்லும். மாப்பிள்ளை ஓட்டுவதானால் அவர் ஒரு துளியும் விழுங்கக் கூடாது. எல்லோரும் சுவைக்க வேண்டுமென்றால் அடிலெய்டிலிருந்து கிளம்பும் சுற்றுலா வேனில் போவதே நல்லது.

கே: வாயில் வைத்ததைத் துப்பச் சொல்வார்களாமே? கொடுத்தவர் முன்னால் துப்புவது மரியாதைக் குறைவு இல்லையா? முறையாகச் சுவைப்பது எப்படி?
– வாசகர், திருநெல்வேலி

ப: துப்புவதுதான் அங்கே முறை. மேசைமேல் அதற்கென்றே ஒரு பாத்திரம் இருக்கும். கிளாஸில் மிச்சம் இருப்பதையும் அதிலேயே கொட்டலாம், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். ஊற்றிக் கொடுப்பவரே அவருடைய வேலையில் நாள் முழுக்கத் துப்புகிறவர்தான்.

கிளாஸைத் தண்டில் பிடியுங்கள். கிண்ணப் பகுதியைப் பிடித்தால் கைச்சூடு ஏறி ஆல்கஹால் வாடை முன்னால் வந்துவிடும். வெள்ளைக் காகிதத்தின்மேல் சாய்த்து விளிம்பைப் பாருங்கள். பரோசாவின் சிவப்பு ஒயினான ஷிராஸ், இளசாக இருந்தால் விளிம்பு வரை ஊதாவாக இருக்கும், வயதானது செங்கல் நிறத்துக்கு வந்திருக்கும். முதலில் ஆட்டாமல் ஒருமுறை முகருங்கள். பிறகு கிளாஸை மேசையில் வைத்தபடியே மூன்று நான்கு சுற்றுச் சுழற்றி மறுபடி முகருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பாதிப் பாடம். அடுத்து ஒரு தேக்கரண்டி அளவு வாயில் எடுத்து, நாக்கு, ஈறு, கன்னத்தின் உட்புறம் எல்லாம் படும்படி பத்து வினாடி சுற்றவிட்டுத் துப்புங்கள். துப்பிய பிறகு மூக்கு வழியாக மூச்சு விடுங்கள். தொண்டை வழியே மேலே ஏறும் அந்த வாசனையில்தான் ஒயினின் முழு முகம் தெரியும். விழுங்கினால்தான் சுவை தெரியும் என்பது சரியில்லை.

கன்னத்தின் ஓரத்தில் எச்சில் ஊறினால் புளிப்பு. ஈறு இறுகி, இளநெல்லிக்காயையோ வாழைப்பூவையோ கடித்ததுபோல வாய் பிடித்தால் அது துவர்ப்பு, அதாவது டானின். இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரிந்துவிட்டாலே போன காரியம் பாதி முடிந்தது.

வெள்ளை, ரோஸ், சிவப்பு, கடைசியாக இனிப்பு என்ற வரிசையை மாற்றாதீர்கள். இனிப்பைக் குடித்துவிட்டு ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயினைத் தொட்டால் எலுமிச்சை பிழிந்த தண்ணீர்போல இருக்கும். பல் துலக்கிய உடனோ, வெற்றிலை, சூயிங்கம் மென்ற வாயோடோ போகாதீர்கள். மல்லிகையும் சென்ட்டும் அன்றைக்கு வேண்டாம். உங்களுக்கு மட்டும் அல்ல, பக்கத்தில் நிற்பவருக்கும் ஒயின் வாசனை தெரியாமல் போய்விடும்.

கே: போன முறை பரோசாவை ஒட்டிய ஈடன் பள்ளத்தாக்கில் கொடுத்த வெள்ளை ஒயினில் மண்ணெண்ணெய் வாடை வந்தது. வேறொரு சிவப்பு ஒயினில் அப்பட்டமாக நீலகிரித் தைலம். கெட்டுப்போனதைக் கொடுத்துவிட்டார்களா?
– வாசகர், சென்னை

ப: இரண்டும் கெட்டுப்போனவை அல்ல. உங்கள் மூக்கு நன்றாக வேலை செய்திருக்கிறது.

வெள்ளை ஒயின் ரீஸ்லிங்காகத்தான் இருக்கும். திராட்சைத் தோலில் உள்ள கரோட்டின் வகைப் பொருள்கள் சிதைந்து, பாட்டிலில் வயதாக ஆக டி.டி.என். என்ற பொருள் உருவாகிறது. அதற்குத்தான் மண்ணெண்ணெய் வாடை. வெயில் நன்றாகப் பட்ட பழத்தில் இது கூடுதல். பழைய ரீஸ்லிங்கில் மெலிசாக வந்தால் விரும்பிக் குடிப்பவர்கள் உண்டு.

தைல வாடைக்குக் காரணம் பக்கத்தில் நிற்கும் யூகலிப்டஸ் மரங்களேதான். நம் ஊட்டி மலையில் நிற்பவற்றுக்கும் ஆஸ்திரேலியாதான் தாய்நாடு. இலையில் உள்ள சினியோல் எண்ணெய் காற்றில் வந்து பழத்தோலில் படிகிறது. மரத்துக்கு ஒட்டிய வரிசைகளில் அதிகம், தள்ளிப்போகப் போகக் குறையும். இயந்திரம் பறிக்கும்போது ஒன்றிரண்டு இலைகள் பழத்தோடு சேர்ந்துவிட்டால் இன்னும் தூக்கலாக இருக்கும். சிவப்பு ஒயினைத் தோலோடு சேர்த்து நொதிக்கவைப்பார்கள். வெள்ளைக்குச் சாற்றை மட்டும் பிழிந்தெடுப்பார்கள். அதனால்தான் தைல வாடை சிவப்பில் மட்டும் உங்களுக்குத் தெரிந்தது.

உண்மையிலேயே கெட்ட வாடை எதுவென்றால், மழையில் நனைந்த அட்டைப்பெட்டியின் வாடை. கார்க்கில் உண்டாகும் டி.சி.ஏ. என்ற பொருளால் வருவது. பழ வாசனையே அமுங்கிப்போயிருக்கும். அப்படி இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள், வேறு பாட்டில் திறப்பார்கள். பக்கத்திலுள்ள கிளேர் பள்ளத்தாக்கின் ரீஸ்லிங் தயாரிப்பாளர்கள் பலர் 2000-ஆம் ஆண்டு அறுவடையிலிருந்து திருகுமூடிக்கு மாறியதற்கு இந்தத் தொல்லை ஒரு முக்கியக் காரணம். திருகுமூடி என்றால் மட்ட ரகம் என்று நினைத்துவிடாதீர்கள்.

கே: கொடிகளுக்கு நடுவே நின்று படம் எடுக்கப் போனோம். ஓடிவந்து தடுத்துவிட்டார்கள். முந்தின வாரம் மெல்பர்ன் பக்கம் யாரா பள்ளத்தாக்குக்குப் போனோம் என்றதும் செருப்பையே பார்த்தார்கள். கொஞ்சம் வருத்தமாகிவிட்டது.
– வாசகி, மதுரை

ப: வருத்தம் புரிகிறது. ஆனால் அவர்கள் தடுத்தது சரி. உங்கள் செருப்பில் ஒட்டியிருந்த மண்ணுக்குத்தான் பயந்தார்கள்.

ஃபைலாக்செரா என்று ஒரு பூச்சி. அசுவினி என்ற செடிப்பூச்சிக்கு உறவு, மஞ்சள் நிறம், நீளம் ஒரு மில்லிமீட்டர்கூட இராது. திராட்சைக் கொடியின் வேரைக் கடித்துச் சாற்றை உறிஞ்சும். கடித்த இடம் வீங்கும், பூஞ்சணம் புகும், வேர் அழுகும். ஐந்தாறு ஆண்டில் கொடி செத்துவிடும். மருந்து கிடையாது. 19-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் பிரான்ஸில் தொடங்கி ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களை இது அழித்தது. இந்தப் பூச்சியைத் தாங்கும் அமெரிக்கத் திராட்சையின் வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டித்தான் அவர்கள் மீண்டார்கள்.

ஆஸ்திரேலியாவில் இது 1877-இல் விக்டோரியா மாநிலத்தின் ஜீலாங் நகருக்குப் பக்கத்தில் தெரியவந்தது. யாரா பள்ளத்தாக்கில் 2006-இல் கண்டுபிடித்தார்கள். பரோசா இருக்கும் தெற்கு ஆஸ்திரேலியாவுக்கு இன்றுவரை வரவில்லை. அந்த மாநிலம் 1899-லேயே இதற்கென்று ஒரு சட்டம் போட்டுக் காத்துவருகிறது. அதன் பலனைக் கண்ணால் பார்க்கலாம். சைலீசியாவிலிருந்து (இன்று பெரும்பகுதி போலந்தில் இருக்கிறது) வந்த ஜெர்மன் லுத்தரன் குடும்பங்கள் 1842-இல் பரோசாவில் குடியேறின. லாங்மைல் தோட்டத்தில் 1843-இல் நட்டதாகச் சொல்லப்படும் ஷிராஸ் கொடிகள் இன்றும் சொந்த வேரில் நின்று காய்க்கின்றன. அடிமரம் ஆள் தொடைப் பருமன் இருக்கும், முறுக்கிப் பிழிந்த துணிபோல வளைந்து, பட்டை நார்நாராகத் தொங்கும். பரோசாக்காரர்கள் கொடிகளை வயதுவாரியாகப் பிரித்துவைத்திருக்கிறார்கள்: 35 வயது தாண்டினால் 'பழங்கொடி', 70 தாண்டினால் 'தப்பிப் பிழைத்தது', 100 தாண்டினால் 'நூற்றாண்டுக் கொடி', 125-க்கு மேல் 'முன்னோர்'. பிரான்ஸிலேயே இந்த வயதுக் கொடிகள் அபூர்வம். ஒருவர் செருப்பில் ஒட்டிய மண்ணால் இவை போய்விட்டால் திரும்ப நட்டு 180 ஆண்டு காத்திருக்க முடியுமா?

கோடையில் இந்தப் பூச்சிக் குஞ்சுகள் மண்ணின் மேற்பரப்புக்கு வரும். அதனால் கோடையிலும் அறுவடைச் சமயத்திலும் ஆபத்து அதிகம். அடுத்த முறை விக்டோரியாவிலிருந்து வருவதானால், தோட்டத்தில் போட்ட செருப்பை வேறாக வையுங்கள். முதலில் மண்ணைப் பிரஷ்ஷால் சுத்தமாகத் தேய்த்தெடுக்க வேண்டும், மண் இருந்தால் அடுத்து முக்கும் குளோரின் கரைசல் வேலை செய்யாது. அதன்பின் 2 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலில் அடிப்பாகம் 60 வினாடி முங்கியிருக்க வேண்டும். உடனே தண்ணீர்விட்டு அலசிவிடாதீர்கள். படம் எடுக்க ஆசை என்றால் கூடத்தில் கேளுங்கள். பல தோட்டங்களில் அதற்கென்றே ஓரமாக ஒரு வரிசையைக் காட்டுவார்கள்.

கே: எங்கள் கம்பம் பன்னீர் திராட்சைக்கும் அங்குள்ள ஒயின் திராட்சைக்கும் என்ன வித்தியாசம்?
– வாசகர், தேனி

ப: பன்னீர் திராட்சை என்பது மஸ்கட் ஹாம்பர்க் ரகம். 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. ஷிராஸும் அதே இனம்தான், ரகம் வேறு. ஷிராஸ் பழம் சின்னது, தோல் தடிப்பு. கொட்டை இரண்டிலும் உண்டு. நிறமும் துவர்ப்பும் தோலில்தான் என்பதால் சின்னப் பழத்துக்கு மதிப்பு. பரோசாவில் சாற்றின் சர்க்கரை 25 பிரிக்ஸ் அளவுக்கு, அதாவது நூறு கிராம் சாற்றில் சுமார் 25 கிராமுக்கு, ஏறிய பிறகு பறிப்பார்கள். அதுதான் நொதித்து 14.5 சதவீத ஆல்கஹால் ஆகிறது. ஒரு பாட்டிலுக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேல் பழம் வேண்டும். கம்பத்தில் பந்தலில் படரவிட்டு ஆண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை வெட்டுகிறீர்கள். அங்கே குளிர்காலத்தில் கொடி இலை உதிர்த்துத் தூங்கிவிடும், ஆண்டுக்கு ஒரே அறுவடை. பழங்கொடிகள் பந்தலோ கம்பியோ இல்லாமல் புதர்போலத் தானே நிற்பதையும் பார்க்கலாம்.

கே: நாங்கள் சுத்த சைவம். ஒயினில் மீன், முட்டை சேர்ப்பார்கள் என்பது நிஜமா?
– வாசகி, கும்பகோணம்

ப: நிஜம்தான், எல்லா ஒயினிலும் அல்ல. கலங்கலைத் தெளியவைக்கவும் துவர்ப்பைக் குறைக்கவும் முட்டை வெள்ளைக்கரு, பால் புரதம், மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் ஐசிங்கிளாஸ், ஜெலட்டின் இவற்றில் ஒன்றைப் போடுவது உண்டு. அது கசடோடு அடியில் படிந்ததும் ஒயினைப் பிரித்தெடுத்துவிடுவார்கள். பென்டோனைட் என்ற களிமண்ணால் தெளியவைப்பவர்களும், எதுவும் போடாதவர்களும் இருக்கிறார்கள். முட்டை, பால் சேர்த்திருந்தால் ஆஸ்திரேலிய லேபிளில் அதைக் குறிப்பிட வேண்டும். ஆனால் ஐசிங்கிளாஸுக்கு விதிவிலக்கு உண்டு. லேபிளை நம்பி இருந்துவிடாமல், "இது வீகனா?" என்று ஒரே கேள்வியாகக் கேளுங்கள். வீகன் என்றால் பால்கூடச் சேராதது, விலங்கிலிருந்து வந்த எதுவும் இல்லாதது. அதனால் மீனும் இருக்காது.

கே: அப்பாவின் எழுபதாவது பிறந்தநாளுக்கு அங்கே விசேஷமாக ஏதாவது?
– வாசகர், திருச்சி

ப: பரோசாவில் உள்ள செப்பெல்ட்ஸ்ஃபீல்டு என்ற ஒயின் தோட்டத்துக்கு அழைத்துப் போங்கள். 1878 முதல் ஒவ்வோர் ஆண்டின் டானி என்ற இனிப்பு ஒயினையும் பீப்பாயில் நிறுத்திவைத்திருக்கிறார்கள். நூறு ஆண்டு முடிந்ததும் பாட்டிலில் அடைப்பார்கள். முன்பதிவு செய்தால் அப்பா பிறந்த ஆண்டின் பீப்பாயிலிருந்தே எடுத்துச் சுவைக்கக் கொடுப்பார்கள். கொடுப்பது கொஞ்சம்தான், ஆனால் பாகுபோலக் கெட்டி. கிளாஸின் உள்பக்கத்தில் வழியாமல் ஒட்டிக்கொண்டு நிற்கும். வேறு எதையும் அதற்குப் பிறகு சுவைக்காதீர்கள்.

கே: ஊருக்கு எத்தனை பாட்டில் கொண்டுவரலாம்? உடையாமல் எப்படி?
– வாசகர், வேலூர்

ப: இந்தியாவுக்குள் ஒருவருக்கு 2 லிட்டர் வரை சுங்க வரி இல்லை. 750 மில்லி பாட்டில் இரண்டும் 375 மில்லி ஒன்றும் அடங்கும். மூன்றாவது முழு பாட்டில் வைத்தால் 2.25 லிட்டர், வரி வரும். கைப்பையில் 100 மில்லிக்கு மேல் விடமாட்டார்கள், பெரிய பெட்டியில்தான் போட வேண்டும். ஒரு பாட்டில் ஒன்றே கால் முதல் ஒன்றரைக் கிலோ. குமிழ் உறையில் போட்டு வாயை மூடி, பெட்டியின் நடுவில், துணிகளுக்குள் படுக்கவையுங்கள். மூலையில் வைத்தால் உடைவது உறுதி.

ஒரே கடையில் 300 ஆஸ்திரேலிய டாலருக்கோ அதற்கு மேலோ, கிளம்புவதற்கு முந்தைய 60 நாளுக்குள் வாங்கியிருந்தால் ஜிஎஸ்டியும் ஒயின் வரியும் விமான நிலையத்தில் திரும்பக் கிடைக்கும். பெட்டியைச் செக்-இன் செய்வதற்கு முன்பே எல்லைக் காவல் அலுவலகத்தில் பாட்டிலைக் காட்ட வேண்டும். இதை மறந்துவிட்டுப் பணம் இழப்பவர்கள் அதிகம்.

வாங்கிய பாட்டிலை வெயிலில் நிற்கும் காரில் விட்டுவிட்டு அடுத்த தோட்டத்துக்குள் போகாதீர்கள். உள்ளே சூடேறி கார்க் மேலே தள்ளும், பழ வாசனை வெந்த ஜாம்போல ஆகிவிடும். ஐஸ் பெட்டி ஒன்றைக் கூட எடுத்துப் போங்கள். ஊரில் பரண்மேல் வைக்க வேண்டாம், ஃபிரிட்ஜின் கீழ்த் தட்டு நல்லது. சிவப்பு ஒயினை ஊற்றுவதற்கு இருபது நிமிடம் முன்னால் வெளியே எடுத்தால் போதும்.